தார் தீர்ந்தால் தறி நிற்கும்: கல்லூரிக்கு லேப்டாப் வாங்கும் முன்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கோர்வைப் புடவை நெய்யும் தறியில் இரண்டு பேர் உட்காருவார்கள். கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு வேறு நிறம் என்பதால் ஊடை இழையைக் குறுக்கே கொண்டு செல்லும் நாடா மூன்று ஓடும். ஒரு பக்கத்து வேலையை நெசவாளர் பார்த்துக்கொள்வார். எதிர்ப்பக்கத்துக் கரை நாடாவைத் துணையாள் தள்ள வேண்டும். பல வீடுகளில் அந்தத் துணையாள் மனைவி அல்லது மகள். துணையாள் அரை நொடி தாமதித்தால் நெசவாளரின் கையும் அரை நொடி சும்மா நிற்கும். நாடாவுக்குள் இருக்கும் தார், அதாவது ஊடை நூல் சுற்றிய குச்சி, தீர்ந்தால் தறியே நின்றுவிடும். நாற்பது ஆண்டு கைப்பழக்கம் உள்ளவரானாலும் அடுத்த தார் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

லேப்டாப்புக்குள்ளும் இதுதான் நடக்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளையோடு கடைக்குப் போகும் பெற்றோர் முதலில் கேட்பது, “இது ஐ5-ஆ, ஐ7-ஆ?” என்றுதான். நெசவாளர் யார் என்று விசாரிக்கிறோம், அவருக்குத் தார் எடுத்துக் கொடுப்பது யார் என்று கேட்பதில்லை. லேப்டாப் வாங்கும்போது பெரும்பாலும் இங்கேதான் பணம் வீணாகிறது.

தறியையும் கணினியையும் ஒப்பிடுவதற்கு வரலாற்றிலும் இடம் இருக்கிறது. காஞ்சித் தறிகளின் மேலே ஏற்றியிருக்கும் ஜக்கார்டு பெட்டி, 1804-இல் பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய பொறியின் வழி வந்தது. அட்டையில் ஓட்டை இருந்தால் பாவு இழை மேலே எழும், இல்லாவிட்டால் எழாது. இந்த அட்டை முறையைத்தான் 1830-களில் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் பொறிக்கு எடுத்துக்கொண்டார். ஓட்டை உண்டு, இல்லை என்பது இன்றைய கணினியின் 1, 0 போன்றதுதான்.

ஒரு நொடியும் ஓராண்டும்

பிராசசர்தான் நெசவாளர். 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் ஒரு நொடியில் 300 கோடி முறை துடிக்கிறது. இந்த வேகம் மனத்தில் பதியாது. ஆகவே ஒரு துடிப்பை, நெசவாளர் ஒரு ஊடை இழை போடும் ஒரு நொடியாக நீட்டிப் பார்ப்போம்.

பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம், நாடாவில் இருக்கும் தார். அதிலிருந்து தகவல் வர நாலைந்து நொடி. ரேம், தறியின் பக்கத்தில் இருக்கும் தார்க்கூடை. அதிலிருந்து எடுக்க நாலைந்து நிமிடம். எஸ்.எஸ்.டி. என்பது பட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்கே போய்ப் பட்டு வாங்கி வருவது போல. அதற்கு ஏறக்குறைய மூன்று நாள். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில் தேடினால் ஏறக்குறைய ஓராண்டு!

கூடை நிறையத் தார் இருந்தால் நெசவாளர் எழுந்திருக்க வேண்டியதில்லை. கூடை சிறிதானால் எடுத்ததற்கெல்லாம் சங்கத்துக்கு நடக்க வேண்டும். ரேம் போதாத லேப்டாப் திணறுவது இதனால்தான். விண்டோஸ் 11 தான் இயங்குவதற்கே 3, 4 ஜி.பி. ரேமைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் பிரவுசரில் பத்துப் பக்கங்கள், ஒரு ஆன்லைன் வகுப்பு, ஒரு பி.டி.எஃப். என்று ஒரே நேரத்தில் திறந்தால் 8 ஜி.பி. கிட்டத்தட்ட நிறைந்துவிடும். ஆகவே 8 ஜி.பி. ரேம் உள்ள ஐ7-ஐ விட 16 ஜி.பி. ரேம் உள்ள ஐ5 பெரும்பாலான மாணவருக்கு நல்ல துணை. ஹார்டு டிஸ்க் மட்டும் உள்ள மாடலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

கடையிலேயே ஒன்றைப் பார்த்துவிடலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பகுதிக்குப் போனால் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்ற வரி இருக்கும். இரண்டில் ஒன்று என்று காட்டினால் பின்னால் இன்னொரு ரேம் செருக இடம் இருக்க வாய்ப்பு அதிகம். மெலிந்த மாடல்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். அதைப் பிறகு கூட்ட முடியாது, ஆகவே கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. என்று வாங்கி வந்தது வீட்டில் 476 என்று காட்டினால் பதற வேண்டாம். தயாரிப்பவர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-இன் மடங்கில் எண்ணுகிறது, அவ்வளவுதான்.

பெயருக்குள் ஒளிந்திருக்கும் வயது

புதிய பெயரில் பழைய சரக்கு வருவதும் உண்டு. ஏ.எம்.டி. ரைசன் 5 7520யு, 7530யு, 7540யு ஆகிய மூன்றும் ஒரே குடும்பம் போலத் தெரியும். மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4 என்ற உள்வடிவமைப்பு. முதலாவதில் 4 கோர்கள்தான், இரண்டாவதில் 6. இரண்டுக்கும் ஸ்டிக்கரில் ரைசன் 5 என்றே இருக்கும். ஸ்டிக்கரோடு நிறுத்தாமல் முழு எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மயில் கழுத்து நிறம்

பாவுக்கு ஒரு நிறம், ஊடைக்கு வேறு நிறம் கொடுத்து நெய்தால் புடவையைத் திருப்பத் திருப்ப நிறம் மாறும். மயில் கழுத்து நிறத்தின் அழகே அதுதான். புடவைக்கு அழகான இந்தக் குணம் லேப்டாப் திரைக்குக் குறை. டி.என். வகைத் திரையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தாலே நிறம் வெளிறும், கறுப்பு சாம்பலாகும். ஐ.பி.எஸ். வகையில் திரவப் படிகங்கள் திரையின் தளத்துக்கு இணையாகவே திரும்புவதால் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

கடையில் ஒரு அரக்கு நிறப் புடவையின் படத்தைத் திறந்து நேராகப் பாருங்கள், பக்கவாட்டில் நின்றும் பாருங்கள். சேலத்தில் உள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் போன்ற இடங்களில் வடிவமைப்பு படிக்கப் போகும் பிள்ளைக்கு இந்தச் சோதனை கட்டாயம். விவரச் சீட்டில் திரையின் நிற அளவு ‘45 சதவீத என்.டி.எஸ்.சி.’ என்றிருந்தால் நிறங்கள் சோகையாகத்தான் தெரியும். ‘100 சதவீத எஸ்.ஆர்.ஜி.பி.’ என்றிருப்பதே நிற வேலைக்கு ஏற்றது.

வெயிலும் பேட்டரியும்

பேட்டரியின் கொள்ளளவை வாட்-மணி கணக்கில் பாருங்கள். பாட வேலைக்குச் சராசரியாக 8 வாட் செலவாகிறது என்று வைத்தால், 42 வாட்-மணி பேட்டரி ஐந்து மணி நேரம் தாங்கும், 56 வாட்-மணி ஏழு மணி நேரம். வகுப்பறையில் பிளக் பாயின்ட் தேடி அலைவதா வேண்டாமா என்பதை இந்த எண் தீர்மானிக்கிறது. லித்தியம் அயனி பேட்டரிக்குப் பெரிய எதிரி வெப்பம். அதுவும் நூறு சதவீதம் நிறைந்த நிலையில் வெப்பத்தில் கிடந்தால் சீக்கிரம் தேயும். நம் ஊர் மே மாதத்தில் மெத்தைமேல் வைத்து, எந்நேரமும் சார்ஜரைச் செருகி வேலை செய்யாதீர்கள். 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி பல மாடல்களில் இருக்கிறது. அதை இயக்கி வையுங்கள்.

எந்தப் படிப்புக்கு எது?

பி.காம்., பி.ஏ., கணிதம் படிப்பவருக்கு ஐ3 அல்லது ரைசன் 3, 8 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி. போதும். கணினி அறிவியலுக்கு 16 ஜி.பி. வேண்டும். செயற்கை நுண்ணறிவு படிக்கிறோம் என்று கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பெரும் பணம் போட வேண்டியதில்லை. கூகுள் கோலாப் போன்ற சேவைகளில் கல்லூரிப் பயிற்சிகளை இலவசமாகவே ஓட்டிப் பார்க்கலாம். மெக்கானிக்கல், சிவில், கட்டடக்கலை படிப்பவருக்குத்தான் தனி கிராஃபிக்ஸ் பயன்படும். சாலிட்வொர்க்ஸ், ரெவிட் போன்றவை விண்டோஸுக்கு எழுதப்பட்டவை என்பதால் இவர்கள் மேக்புக் வாங்கிவிட்டுத் திண்டாடக் கூடாது.

சென்னை ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் தேடுவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறைக்கு முந்தையது விண்டோஸ் 11-ஐ முறையாக ஏற்காது. லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தயார் என்றால் மட்டும் அதை வாங்கலாம். புதிது வாங்குவோர், பழுதானால் ஆள் வீட்டுக்கு வருவாரா, நாம்தான் காஞ்சியிலிருந்து 75 கிலோமீட்டர் சென்னைக்குப் போக வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

கையில் இருப்பதே போதுமா?

காஞ்சியில் பிறந்த அண்ணாவின் பிறந்த நாளான செப்டம்பர் 15 அன்றுதான், 2011-இல் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அன்று கொடுத்தவற்றில் இருந்தது சுழலும் ஹார்டு டிஸ்க். 2025-26 நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி என்று அறிவித்தது. அதற்கான டெண்டரில் கேட்கப்பட்டவை 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. மேலே சொன்ன கணக்கில், ஓராண்டுக் காத்திருப்பு மூன்று நாளாகியிருக்கிறது. பெரும்பாலான படிப்புகளைத் தொடங்க இந்த லேப்டாப் போதும்.

அது கையில் கிடைத்தும், பக்கத்து வீட்டுப் பிள்ளை வைத்திருக்கிறது என்பதற்காக வட்டிக்குக் கடன் வாங்கி இன்னொன்று வாங்காதீர்கள். பல மாதக் கூலி அதில் கரைந்துவிடும். ஓராண்டு படித்து, எங்கே திணறுகிறது என்று பார்த்துவிட்டு, இடம் இருந்தால் ரேமைக் கூட்டுங்கள். அதற்குப் புது லேப்டாப்பின் விலையை விடக் குறைவாகவே ஆகும்.

தறியில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, அவர் கை நிற்காதபடி நாடா தள்ளிய பெண் இன்று கல்லூரிக்குப் போகிறாள். அவள் வைத்திருக்கும் லேப்டாப்பும் அவளைக் காக்க வைக்கக் கூடாது.