பவானி தந்த வண்ண விரிப்பு!

கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் தாத்தாக்கள் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்களே, பட்டை பட்டையாக வண்ணம் கொண்ட விரிப்பு... அதுதான் ஜமக்காளம்! அதற்குப் பெயர் பெற்ற ஊர், ஈரோடு மாவட்டத்தில் காவிரியுடன் பவானி ஆறு கூடும் பவானி.

நாகலாபுரம், விளாத்திகுளம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பருத்தியைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தடித்த பருத்தி நூலில்தான் ஜமக்காளம் நெய்கிறார்கள். நெசவாளர் குழிக்குள் கால்களை விட்டு அமர்ந்து, மிதியை மிதித்து நெய்வார். நீளவாட்டில் ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. தடித்த ஊடை, பாவை மூடிவிடும். ஊடையின் நிறத்தை மாற்றினால் புதுப் பட்டை தயார்! முன்புறமும் பின்புறமும் ஒன்றுபோலவே இருக்கும்.

அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினரும் இதேபோல் ஊடையால் பாவை மூடி, ஆட்டு ரோமத்தில் விரிப்பு நெய்கின்றனர். அவர்களது தறி சுவர்போல நிமிர்ந்து நிற்கும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து ஆலைத் துணிகள் வந்து குவிந்தன. அப்போது ஜங்கமர் என்னும் நெசவாளர்கள் இந்த விரிப்பை நெய்து பிழைத்துக்கொண்டனர். இப்போதைய போட்டி, விசைத்தறியில் நெய்த போலிகளோடு! கைத்தறி ரகங்களைக் காக்க 1985இல் சட்டம் வந்தது. 2005-06இல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும், விலை குறைவு என்று போலியை வாங்குவோர் உண்டு. அதனால் நெசவாளருக்கு வேலை குறைகிறது.

வீட்டில் ஜமக்காளம் வாங்கப் போனால் நீங்களும் கூடவே போங்கள். "இது கைத்தறியா?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். 2006இல் அறிமுகமான கைத்தறி முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். நீங்கள் கேட்கும் அந்த ஒரு கேள்வி, ஒரு தறியை ஓட வைக்கும்!