மனநிறைவை அளக்க ஓர் ஏணி

உடலின் வெப்பத்தை அளக்க வெப்பமானி இருக்கிறது. வாழ்வின் நிறைவை அளக்கக் கருவி உண்டா? உண்டு, அது ஓர் ஏணி!

அமெரிக்க உளவியல் அறிஞர் ஹாட்லி கேன்ட்ரில், இந்தியா உட்படப் பல நாடுகளில் இதனைக் கொண்டு ஆய்வு நடத்தி, முடிவுகளை 1965-இல் வெளியிட்டார். ஏணியின் படிகள் 0 முதல் 10 வரை. உச்சிப்படி, உங்களுக்குக் கிட்டக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை. அடிப்படி, மிக மோசமான வாழ்க்கை. இன்று நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? இதுவே கேள்வி.

இங்கு ஓர் ஐயம் எழும். செல்சியஸ் அளவையில் உருகும் பனிக்கட்டிக்கு 0, கொதிக்கும் நீருக்கு 100 என்பவை எல்லோருக்கும் பொது. ஏணியின் முனைகளையோ அவரவரே வகுத்துக்கொள்கிறார். உங்கள் 6-உம் உங்கள் நண்பனின் 6-உம் சமமா? உறுதி கூற இயலாது.

ஆகவே, ஒரு நாட்டில் ஏறத்தாழ 1,000 பேரைக் கேட்டுச் சராசரி காண்கின்றனர். ஒருவரின் அன்றைய தலைவலி, இன்னொருவரின் அன்றைய பரிசு போன்ற தற்செயல் பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆனால், எல்லோருமே அடக்கமாகக் குறைத்துச் சொன்னால் சராசரியும் குறையும். சுழிப்பிழை உள்ள திருகு அளவியால் எத்தனை முறை அளந்தாலும் பிழை நீங்காது அல்லவா? அதுபோலத்தான்!

எனவே வேறு கேள்விகளோடும் ஒப்பிடுகின்றனர். "துன்பம் நேர்ந்தால் உதவ உறவினரோ நண்பரோ உண்டா?" என்பது அவற்றுள் ஒன்று. 'ஆம்' என்போர் மிகுந்த நாடுகளில் ஏணிச் சராசரியும் பொதுவாக உயர்ந்தே காணப்படுகிறது. உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018 முதல் 2025 வரை முதலிடம் பெற்ற பின்லாந்தும் அத்தகையதே.

மாணவர்களே, உங்கள் வகுப்பில் பெயரெழுதாச் சீட்டுகளில் படி எண்ணைக் கேட்டுச் சராசரி காணுங்கள். தேர்வு வாரத்தில் மீண்டும் கேளுங்கள். மாறியது வாழ்வா, அன்றைய மனநிலையா? சிந்தியுங்கள்.