முகவரி வரியில் ஒரு கட்டளை

1988 நவம்பர் 2ஆம் தேதி இரவு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் யூனிக்ஸ் கணினிகள் ஒவ்வொன்றாகத் திணற ஆரம்பித்தன. யாரும் எதையும் ஓட்டாதபோதும் வேலைப்பளு ஏறிக்கொண்டே போனது. நிறுத்தி மறுபடி துவக்கினால் சிறிது நேரத்தில் பழைய நிலைக்கே திரும்பின. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ், எம்.ஐ.டி. கணினி ஒன்றிலிருந்து அவிழ்த்துவிட்ட நிரல்தான் காரணம். மாரிஸ் புழு என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. அது பல வழிகளில் நுழைந்தது. எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டுகளும் அதற்கு உதவின. ஆனால் என்னை இன்றுவரை விடாமல் யோசிக்க வைப்பது அது மின்னஞ்சல் சர்வர் வழியாகப் புகுந்த விதம்.

அன்று இணையத்தின் கடிதங்களில் பெரும்பகுதியைச் சுமந்தது சென்ட்மெயில். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதிய மென்பொருள். சோதித்துப் பார்ப்பவர்களின் வசதிக்காக அதற்குள் ‘டீபக்’ என்றொரு ஏற்பாடு இருந்தது. சர்வருடன் தொடர்பு ஏற்படுத்தி அந்த ஒரு சொல்லைத் தட்டினால் போதும். பெறுநர் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கட்டளையையே எழுதலாம், சர்வர் அதை இயக்கும். உறையின் மேல் முகவரிக்குப் பதிலாக ‘அஞ்சலகத்தைத் திறந்துவிடு’ என்று எழுதியிருக்க, ஊழியர் அதற்குக் கீழ்ப்படிந்து கதவைத் திறப்பதைப் போன்றது இது. புழு அனுப்பிய கடிதத்துக்குப் பெறுநர் என்று எவரும் இல்லை. தலைப்பு வரிகளை நீக்கிவிட்டு மிச்சத்தை இயக்கு என்ற கட்டளைதான் அந்த இடத்தில் இருந்தது. கடிதத்தின் உள்ளடக்கமே நிரலாக ஓடியது.

இப்படியொரு வாசலை எப்படித் திறந்து வைத்தார்கள் என்று இன்றைய வாசகருக்குத் தோன்றும். அன்றைய இணையத்தில் ஏறத்தாழ 60,000 கணினிகள்தான். அவற்றைப் பராமரித்தவர்களில் பலர் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகியவர்கள். முன்பின் தெரியாதவரின் கடிதத்தையும் வாங்கி அடுத்த ஊருக்குக் கடத்திவிடுவது சர்வர்களின் வழக்கமாக இருந்தது. அந்தத் தாராளத்தை விளம்பரக் குப்பை அனுப்பியவர்கள் கறந்து முடித்த பிறகு, 1998இல்தான் சென்ட்மெயில் தன் 8.9 பதிப்பில் அதை இயல்பாக நிறுத்தி வைத்தது. அந்த நம்பிக்கையை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மின்னஞ்சல் உலகெங்கும் பரவியது அதன் பலத்தில்தான்.

புழு அகப்பட்டதற்குக் காரணம் அதன் சத்தம். ஏற்கெனவே தன் நகல் ஓடும் கணினியில்கூட ஏழில் ஒரு முறை அது மீண்டும் குடியேறியது. நகல்கள் பெருகப் பெருக இயந்திரம் திணறியது, ஆட்கள் விழித்துக்கொண்டார்கள். பாதிக்கப்பட்டவை சுமார் 6,000 இருக்கும் என்பது அன்றைய மதிப்பீடு. மறுநாள் காலைக்குள் பெர்க்லியில் இருந்தவர்கள் சென்ட்மெயிலுக்கான திருத்தத்தை எழுதிச் சுற்றுக்கு விட்டார்கள். மூலநிரல் கையில் இருந்தது, அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், ஓர் இரவுக்குள் வேலை முடிந்தது. மாரிஸின் நண்பர் ஒருவர் ஹார்வர்டிலிருந்து, பெயர் சொல்லாமல், புழுவை நிறுத்தும் வழியை மின்னஞ்சலில் அனுப்பினார். பயந்துபோனவர்கள் அதற்குள் சர்வர்களை இணைப்பிலிருந்து பிடுங்கிவிட்டதால் அந்தக் கடிதம் உரிய நேரத்தில் பலரையும் எட்டவே இல்லை. அதே மாதம் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் என்ற அவசர உதவி மையம் பிறந்தது. மாரிஸுக்கு 1990இல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூகசேவையும் 10,050 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. பிற்பாடு அவர் எம்.ஐ.டி.யிலேயே பேராசிரியரானார்.

அந்த அனுபவத்திலிருந்து பாடம் படித்தவர்கள் உண்டு. டேனியல் பெர்ன்ஸ்டைன் க்யூமெயில் என்ற அஞ்சல் சர்வரை எழுதி, அதில் பாதுகாப்பு ஓட்டை காட்டுபவருக்கு 500 டாலர் தருவதாக அறிவித்தார். வீட்சே வெனிமா 1998இல் வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர், ஒரே பெரிய நிரலைப் பல சிறு நிரல்களாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் அதன் வேலைக்குத் தேவையான அதிகாரத்தை மட்டும் கொடுத்தது. ஒன்று வீழ்ந்தாலும் வீடு முழுவதும் பறிபோகாது.

ஆனால் எல்லோரும் அந்த வழியில் போகவில்லை. கேம்பிரிட்ஜில் பிலிப் ஹேசல் 1995இல் தொடங்கிய எக்ஸிம், உலகில் மிகப் பரவலான அஞ்சல் சர்வர்களில் ஒன்று. 2019 ஜூனில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதில் ஓர் ஓட்டையை வெளியிட்டார்கள். பெறுநர் முகவரிக்குள் ஒரு கட்டளையைப் பொதித்து அனுப்பினால் எக்ஸிம் அதை இயக்கிவிடும், அதுவும் உச்ச அதிகாரமான ரூட் நிலையில். இயல்பான அமைப்பில் வெளியிலிருந்து தாக்குபவர் சில நிமிடங்களுக்கு ஓர் எழுத்து என்று அனுப்பி, இணைப்பை ஏழு நாள் அறாமல் பிடித்திருக்க வேண்டும். பொறுமை இருந்தால் போதும். சென்ட்மெயிலின் பழைய ஓட்டைகளை நினைவூட்டும் பெயரையே ஆய்வாளர்கள் இதற்கும் வைத்தார்கள். ரஷ்ய ராணுவ உளவுத்துறையைச் சேர்ந்த சேண்ட்வார்ம் குழு குறைந்தது 2019 ஆகஸ்ட் முதல் இதைப் பயன்படுத்தி வந்ததாக அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2020 மே மாதம் எச்சரித்தது.

அதோடும் முடியவில்லை. அரசு அலுவலகங்களும் பல்கலைக்கழகங்களும் அதிகம் நம்பியிருக்கும் ஜிம்பிரா என்ற அஞ்சல் சர்வரில், 2024 செப்டம்பர் இறுதியில் தாக்குபவர்கள் கடிதத்தின் ‘சிசி’ வரியில் போலி முகவரிகளை அடுக்கி அனுப்பினார்கள். கடிதங்களின் நகலைச் சேமிக்கும் துணைச்சேவை இயங்கிக்கொண்டிருந்த இடங்களில், முகவரிக்குள் இருந்த கட்டளை சர்வரிலேயே ஓடியது. 1988க்கும் 2024க்கும் இடையே 36 ஆண்டுகள்! அந்நியர் எழுதிய ஓர் எழுத்துத் தொடரைச் சர்வர் தன் சொந்த அதிகாரத்தில் நிறைவேற்றுவது அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது.

இதில் மின்னஞ்சல் சர்வருக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது. வேறு சர்வர்கள் முன்பின் தெரியாதவரை வாசலிலேயே மறித்து அடையாளம் கேட்கலாம். அஞ்சல் சர்வர் அந்நியரின் எழுத்தை வாங்கத்தான் வேண்டும்; வாங்கிப் பிரிக்க வேண்டும், இணைப்பைத் திறந்து வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும். 2022இல் ஜிம்பிராவில் அந்தப் பார்க்கும் வேலையே வினையாகிப் போனது. உரிய விதத்தில் செய்த சுருக்கக் கோப்பை அனுப்பினால், பரிசோதனைக்காக அதைப் பிரிக்கும்போதே தாக்குபவரின் கோப்பு சர்வரில் போய் உட்கார்ந்துவிடும். எவரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை. கடிதத்தோடு நாள்காட்டி, கோப்புப் பகிர்வு, அரட்டை என ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கூட்டுப்பணித் தளமாக வளர்த்தபோது, இப்படிப் பிரித்துப் பார்க்கும் இடங்களும் பெருகின.

மாறியது வருபவர்களும் அவர்கள் வரும் விதமும். 2021 ஜனவரி 5ஆம் தேதி, தைவானைச் சேர்ந்த ஆரஞ்ச் சாய் என்ற ஆய்வாளர் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்சேஞ்ச் அஞ்சல் சர்வரில் தான் கண்ட ஓட்டையை அந்நிறுவனத்திடம் தெரிவித்தார். வெளியாள் அனுப்பும் ஒரு குக்கியை நம்பி, சர்வரின் முன்பகுதி தன் அதிகாரத்தோடு பின்பகுதிக்குக் கோரிக்கை அனுப்பிவிடும். திருத்தம் வந்தது மார்ச் 2ஆம் தேதி. அதற்குள், சீன அரசின் ஆதரவு பெற்றது என்று மைக்ரோசாஃப்ட் கூறும் ஹாஃப்னியம் குழு அதே ஓட்டையில் புகுந்துகொண்டிருந்தது. விஷயம் வெளியாவதற்கு முன்னும் பின்னுமாகக் குறைந்தது பத்துக் குழுக்கள் போட்டி போட்டுக்கொண்டு நுழைந்தன. நார்வே நாடாளுமன்றமும் ஐரோப்பிய வங்கி ஆணையமும் பாதிக்கப்பட்டன. உள்ளே வந்தவர்கள் எதையும் நிறுத்தவில்லை. பிறகு வெளியிலிருந்தே கட்டளை கொடுக்க வெப் ஷெல் என்ற ஒரு சிறு கோப்பை விட்டுவிட்டுப் போனார்கள். கடிதங்கள் வழக்கம்போல் வந்தன, போயின. அந்தத் திருத்தமான பேட்ச்சைப் போட்டவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். பேட்ச் கதவை அடைக்கும், உள்ளே இருப்பவரை வெளியேற்றாது. கடைசியில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., ஏப்ரலில் நீதிமன்ற அனுமதி பெற்று, உரிமையாளர்களுக்கு முன்கூட்டிச் சொல்லாமலே நூற்றுக்கணக்கான சர்வர்களுக்குள் சென்று அந்த ஷெல்களை அழித்தது.

2025 ஜூலையில் மைக்ரோசாஃப்ட்டின் கோப்புப் பகிர்வுத் தளமான ஷேர்பாயின்ட்டின் சர்வர்களிலும் இதே வலி. பெர்லினில் நடந்த ஹேக்கிங் போட்டியில் மே மாதம் காட்டப்பட்ட ஓட்டைக்கு ஜூலை 8ஆம் தேதி பேட்ச் வந்தது. பத்து நாளில் அதையும் சுற்றிக்கொண்டு தாக்குதல் கிளம்பியது. இம்முறை சர்வரின் ரகசியச் சாவிகளையே எடுத்துப் போனார்கள். சாவிகளை மாற்றாமல் பேட்ச் மட்டும் போட்டால் பயனில்லை.

சொந்த சர்வர் வேண்டாம், கிளவுடுக்குப் போய்விடலாம் என்பது பலரின் முடிவு. சிறிய அலுவலகத்துக்கு அது சரியான முடிவுதான் என்று நானும் நினைக்கிறேன். இந்திய மத்திய அரசு ஊழியர் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல்கூட சோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாறியதாக 2025இல் செய்தி வந்தது. ஆனால் அங்கேயும் ஒரு கேள்வி இருக்கிறது: யார் வந்து போனார்கள் என்ற பதிவு யார் கையில் இருக்கிறது? 2023இல் ஸ்டார்ம்-0558 என்ற சீனக் குழு, 2016இல் உருவாக்கப்பட்ட மைக்ரோசாஃப்ட் கையொப்பச் சாவி ஒன்றைக் கைப்பற்றி, அன்றைய அமெரிக்க வணிக அமைச்சர் ஜினா ரைமண்டோ உட்படப் பலரின் அஞ்சல் பெட்டிகளைத் திறந்தது. வெளியுறவுத் துறையிலிருந்து மட்டும் சுமார் 60,000 கடிதங்கள் போயின. கண்டுபிடித்தது அந்தத் துறையே. கூடுதல் பணம் கட்டி விரிவான லாக் பதிவுகளை வாங்கி வைத்திருந்ததாலும், அவற்றைக் கவனிக்க ‘பிக் யெல்லோ டாக்சி’ என்ற பெயரில் தாங்களே ஓர் எச்சரிக்கை அமைத்திருந்ததாலும் அது முடிந்தது. பணம் கட்டாதவர்களுக்குத் திருட்டின் தடயம்கூடக் கண்ணில் படாத ஏற்பாடு அது. இது அநியாயம். தன் வீட்டுக்குள் யார் வந்தார்கள் என்ற தகவல் குடியிருப்பவரின் உரிமை, விலைக்கு விற்கும் பொருளாக அது இருந்திருக்கவே கூடாது. கண்டனம் எழுந்த பிறகு மைக்ரோசாஃப்ட் அந்தப் பதிவுகளைக் கூடுதல் கட்டணமின்றித் தர முன்வந்தது. அந்த ஊடுருவல் தவிர்த்திருக்கக்கூடியது என்று அமெரிக்க அரசின் ஆய்வுக் குழு 2024இல் எழுதியது.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவு முடிந்தது. இரண்டு வாரம் கழித்து ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம், தன் நாட்டில் இணையத்துக்குத் திறந்திருக்கும் சுமார் 33,000 எக்ஸ்சேஞ்ச் சர்வர்களில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை அந்தப் பதிப்புகளிலோ அவற்றுக்கு முந்தியவற்றிலோதான் ஓடுகின்றன என்று எச்சரித்தது. மருத்துவமனைகளும் பள்ளிகளும் நகராட்சிகளும் அதில் அடக்கம். புதிய பதிப்புக்கு மாறுங்கள், வலை வழி நுழைவை விபிஎன்னுக்குப் பின்னால் வையுங்கள் என்பது அதன் அறிவுரை. சிறிய ஆஸ்பத்திரியில் அதைச் செய்ய வேண்டியவர் பிரிண்டரும் பாஸ்வேர்டும் பில்லிங் கணினியும் பார்த்துக்கொள்ளும் ஒரே அட்மினாகத்தான் இருப்பார். அவருக்குப் பணமும், சர்வரை நிறுத்தி வைக்க ஓர் இரவும் வேண்டும். இரண்டுக்கும் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் மேல்மாடியில் இருக்கிறார்கள்.