திருடியவன் ஒருத்தன், பழி குடும்பத்துக்கா?



சில மாதங்களுக்கு முன்பு வாழவந்தி நாட்டில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். களத்தில் காயப்போட்டிருந்த மிளகில் நாலு கிலோ காணாமல் போயிருந்தது. எடுத்தது ஓர் உறுப்பினரின் 19 வயது மகன். ஒத்துக்கொண்டு, மிளகைத் திருப்பியும் கொடுத்துவிட்டான். ஆனாலும் பேச்சு அடங்கவில்லை. "அப்பன் புத்திதானே பிள்ளைக்கும் வரும்? அது திருட்டுக் குடும்பம். அம்மாவையும் குழுவை விட்டு எடுத்துடுங்க" என்றார்கள் சிலர். எட்டு வருஷமாக ஒரு தவணைகூடத் தவறாத அந்த அம்மா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

இந்தப் பேச்சு நம் ஊரில் மட்டும் உள்ளது இல்லை. படித்தவர்களும் அரசாங்கமுமே ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தார்கள்.

பிறவிக் குற்றவாளி உண்டா?

1876-ல் இத்தாலி நாட்டு மருத்துவர் லொம்புரோசோ, மண்டை ஓட்டையும் தாடையையும் அளந்து பார்த்து, சிலர் குற்றவாளியாகவே பிறக்கிறார்கள் என்று எழுதினார். இங்கிலாந்தில் சிறை மருத்துவராக இருந்த கோரிங், சுமார் 3,000 கைதிகளை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, அப்படித் தனியான உடலமைப்பு எதுவும் இல்லை என்று 1913-ல் சொல்லிவிட்டார்.

நம் நாட்டில் ஆங்கில அரசு 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டது. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. எந்தத் தப்பும் செய்யாதவர்கள்கூட, பிறந்த சாதிக்காகவே கைரேகை வைக்கவேண்டியிருந்தது. இதை எதிர்த்த உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-ல் போலீசார் சுட்டார்கள். அன்று உயிரைக் கொடுத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுக்க 1952-லும் இந்தச் சட்டம் ஒழிந்தது.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

தண்டனை என்பது பழிவாங்க அல்ல, திருத்துவதற்கு என்ற எண்ணம் மெல்ல மெல்ல வளர்ந்தது.

* 18 வயது நிறையாத பிள்ளைகளின் வழக்கு முதலில் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும்.
* 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி, 21 வயதுக்குள் இருப்பவரைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விட முடியுமா என்று நீதிமன்றம் முதலில் பார்க்கவேண்டும். ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது.
* 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடி, அதைத் திருப்பிக் கொடுத்தவருக்குச் சமூக சேவைதான் தண்டனை.

யாருக்கும் தண்டனையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பெண்ணையோ குழந்தையையோ சீரழித்தவனை ஊர்க்கூட்டத்தில் அபராதம் கட்டவைத்து விட்டுவிடக் கூடாது. அது போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் போகவேண்டிய விஷயம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

அன்றைய கூட்டத்தில் கடைசியாக ஒரு பாட்டி, "பையன் செஞ்சதுக்குப் பையனைக் கேளுங்க. சீட்டைக் கிழிக்க அவ என்ன செஞ்சா?" என்று கேட்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த அம்மா இன்றும் குழுவில் இருக்கிறார். பையன் மிளகுக்காரர் தோட்டத்திலேயே வேலைக்குப் போகிறான்.

உங்கள் குழுவில் இப்படி ஒரு பேச்சு வந்தால் என்ன செய்வீர்கள்? அடுத்த கூட்டத்தில் பேசிப் பாருங்கள், சகோதரிகளே.