கூரையைக் கழற்றுமுன் சிந்திக்க வேண்டியவை

ஊரில் வாழ்ந்த காலத்தில் கூரையைப் பற்றி எவரும் எமக்குப் பாடம் எடுத்ததில்லை. புரட்டாதி பிறந்ததும் கிடுகும் பனையோலையும் சேர்த்து, ஐப்பசி மழைக்கு முன்னர் வீட்டை வேய்ந்து முடிக்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்தில் சிறுவர்களும் அறிந்த செய்தி. ஓட்டு வீட்டுக்காரர் உடைந்த ஓடுகளை மாற்றிப் பீலியைத் துப்புரவாக்குவர். வேலை நாளன்று அயலவர் கூடுவர். எந்த வளை உக்கியிருக்கிறது என்பதை வீட்டுக்காரரை விட அயலவரே நன்கு அறிந்திருப்பர்.

ஃப்ரீமான்ட் நகரில் வீடு வாங்கிக் குடியேறிய எம்மவர்க்கு அத்தகைய அறிவு கையளிக்கப்படவில்லை. இங்கே கூரை என்பது இருபது, முப்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றப்படும் பொருள். மாற்றும் செலவோ பல்லாயிரம் டொலர். வாழ்நாளில் ஒரு முறையோ இரு முறையோ செய்யும் காரியத்தில் அனுபவம் எங்கிருந்து வரும்?

எமக்கு அறிமுகமான குடும்பம் ஒன்றுக்கு நேர்ந்ததை இங்கு குறிப்பிடுவது பொருத்தமாகும். ஐப்பசி மாதத்தில் கதவைத் தட்டிய ஒருவர், கூரை பழுதடைந்துவிட்டதென்றும், இன்றே ஒப்பமிட்டால் விலையைக் குறைப்பதாகவும் கூறினார். கேட்ட தொகையில் பாதி முற்பணமாகக் கொடுக்கப்பட்டது. இரண்டு நாட்களில் பழைய கூரை கழற்றப்பட்டது. மூன்றாம் நாள் எவரும் வரவில்லை. அடுத்த வாரம் மழை வந்தது. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கில் வீட்டை விட்டு வெளியேறிய முதியவர் ஒருவர் அவ்வீட்டில் இருக்கிறார். நள்ளிரவில் அவர் எழுந்து ஒழுக்குக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டிருந்ததாக அவருடைய மகன் எம்மிடம் கூறினார். பின்னர் விசாரித்தபோது, வந்தவரிடம் ஒப்பந்தகாரருக்கான அனுமதிப்பத்திரமே இருக்கவில்லை எனத் தெரிய வந்தது. இக்கட்டுரையை எழுத எம்மைத் தூண்டியது அச்சம்பவமே.

மாற்றத்தான் வேண்டுமா?

ஒழுக்கு ஏற்பட்டவுடன் முழுக் கூரையையும் மாற்ற வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான ஒழுக்குகள் கூரையின் பரப்பில் அன்றி, புகைபோக்கியைச் சுற்றியும் குழாய்கள் வெளிவரும் இடங்களிலும் இரு சரிவுகள் சந்திக்கும் பள்ளத்திலும் பொருத்தப்பட்டுள்ள உலோகத் தகடுகள் பழுதடைவதால் உண்டாகின்றன. அவற்றைத் திருத்தச் சில நூறு டொலர் போதுமானதாக இருக்கலாம்.

முதலில் பகல் வேளையில் முகட்டறைக்குள் ஏறிப் பாருங்கள். பலகைகளின் ஊடே வெளிச்சம் தெரிகிறதா, ஈரக்கறை உள்ளதா, மரம் மென்மையாகிவிட்டதா எனக் கவனியுங்கள். நிலத்தில் நின்றபடியே ஷிங்கிள் எனப்படும் தார்த்தகடுகளின் ஓரங்கள் சுருண்டுள்ளனவா என்று பாருங்கள். அவற்றின் மேலுள்ள மணற்றுகள்கள் பீலியில் பெருமளவில் சேர்ந்திருந்தால் அவை முதுமையடைந்துவிட்டன என்பது பொருள்.

ஓட்டுக் கூரையின் நிலை வேறு. ஓடு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும். ஆயினும் அதன் கீழே விரிக்கப்பட்ட நீர்காப்பு விரிப்பு அதற்கு வெகு முன்னரே உக்கிப்போகும். உண்மையில் நீரைத் தடுப்பது அவ்விரிப்பே. ஆகவே ஓடுகளைக் கவனமாகக் கழற்றி, புதிய விரிப்பை இட்டு, அதே ஓடுகளை மீண்டும் அடுக்க முடியுமா என்று கேளுங்கள். நல்ல ஓட்டை வீசிவிட்டுப் புதிய ஓடு வாங்குவது வீண் செலவு.

நெருப்பும் நில அதிர்வும்

1991 ஆம் ஆண்டு ஒக்டோபர் 20 ஆம் திகதி, எமக்கு வடக்கே ஓக்லாந்துக் குன்றுகளில் பரவிய தீயில் 25 பேர் உயிரிழந்தனர். ஏறத்தாழ மூவாயிரம் குடியிருப்புகள் அழிந்தன. காற்றில் பறந்த தணல்கள் மரச்சீவல் வேய்ந்த கூரைகளில் விழுந்து பற்றியமை அப்பேரழிவின் முக்கிய காரணங்களுள் ஒன்று. 2025 ஆம் ஆண்டு ஜனவரியில் லொஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஏற்பட்ட தீயிலும் காற்றில் பறந்த தணல்கள் வீடுகளை எரித்தன. எனவே தீத்தடுப்பில் முதற்தரமான 'ஏ' வகைக் கூரையையே தெரிவு செய்யுங்கள். தார்த்தகடு, ஓடு, உலோகம் ஆகியவற்றில் இத்தரம் எளிதிற் கிடைக்கும்.

மற்றையது பாரம். ஹேவார்ட் நிலப்பிளவு எமது நகரின் ஊடாகவே செல்கிறது. 1868 ஆம் ஆண்டு ஒக்டோபர் 21 ஆம் திகதி அது அசைந்தபோது மிஷன் சான் ஹோசே தேவாலயம் இடிந்து வீழ்ந்தது. நூறு சதுர அடித் தார்த்தகடு சுமார் 200 முதல் 400 இறாத்தல் எடையுள்ளது. அதே பரப்புக்குக் கொங்கிறீற் ஓடு 900 இறாத்தலைத் தாண்டும். 2,000 சதுர அடிக் கூரையொன்றில் இந்த வேறுபாடு பத்தாயிரம் இறாத்தல் அளவில் அமையும். 1995 ஆம் ஆண்டு ஜப்பானின் கோபே நகரில் பாரமான ஓட்டுக் கூரை கொண்ட பழைய மரவீடுகள் பெருந்தொகையில் இடிந்து வீழ்ந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது. ஊர் நினைவில் ஓடு போட விரும்புவோர், தம் வீட்டின் கைமரங்கள் அப்பாரத்தைத் தாங்குமா என ஒரு பொறியியலாளரிடம் கேட்ட பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

பழைய கூரையின் மேலேயே புதியதை அடித்துவிடலாம் எனச் சிலர் கூறுவர். ஏற்கனவே இரண்டு அடுக்கு உள்ள கூரையின் மீதும், மரச்சீவல் அல்லது ஓட்டின் மீதும் அவ்வாறு செய்யக் கட்டடச் சட்டம் இடமளிப்பதில்லை. இடமளிக்கும் போதும், கீழுள்ள பலகை உக்கியிருந்தால் அது மறைந்துபோகும்.

நகரசபை அனுமதி

கூரை மாற்ற நகரசபையின் அனுமதி அவசியம். பரிசோதகர் வந்து பார்த்து ஒப்பமிட்டால்தான் வேலை சட்டப்படி நிறைவுறும். இல்லையேல் வீட்டை விற்கும் வேளையில் இடர் வரும். வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவிகளும் காபன் மொனொக்சைட்டுக் கருவிகளும் இயங்க வேண்டும் என்பதும் இத்துடன் இணைந்த விதி. 'அனுமதியை உங்கள் பெயரில் எடுங்கள்' என்று ஒப்பந்தகாரர் கூறினால் எச்சரிக்கையாயிருங்கள். அவ்வாறு எடுத்தால் வேலையின் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

பணமும் ஒப்பமும்

கலிபோர்னியாவில் கூரை வேலை செய்பவர் மாநில ஒப்பந்தகாரர் சபையின் 'சி-39' அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். அதன் இலக்கத்தைக் கேட்டு, சபையின் இணையத்தளத்தில் நீங்களே பாருங்கள். ஐந்து நிமிட வேலை இது. அனுமதிப்பத்திரம் பெற்றவர் 25,000 டொலர் பிணை வைத்திருப்பார். தொழிலாளர் காப்புறுதியும் இருக்க வேண்டும். கூரையிலிருந்து ஒருவர் விழுந்தால் அக்காப்புறுதி இல்லாத நிலையில் வழக்கு உங்கள் வாசலுக்கு வரலாம். மேலே நாம் கூறிய குடும்பத்துக்கு இழப்பீடு கோர ஒரு பிணைகூட இருக்கவில்லை.

முற்பணம் பற்றிய சட்டம் தெளிவானது. மொத்தத் தொகையின் பத்து வீதம் அல்லது ஆயிரம் டொலர், இவற்றுள் எது குறைவோ அதற்கு மேல் கேட்க முடியாது. கூரை வேலையைப் பொறுத்தவரை அது நடைமுறையில் ஆயிரம் டொலரே. அதன் பின்னரும் செய்து முடித்த வேலையின் பெறுமதிக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. வீட்டில் வைத்து ஒப்பமிட்ட ஒப்பந்தத்தை மூன்று வேலை நாட்களுக்குள் இரத்துச் செய்யலாம். அறுபத்தைந்து வயதை எட்டியோருக்கு ஐந்து நாட்கள் உண்டு.

இன்னொரு பொறியும் உளது. ஒப்பந்தகாரர் பொருள் விற்றவருக்குப் பணம் கொடுக்காவிடில், நீங்கள் முழுத்தொகையும் செலுத்தியிருந்தாலும், அவர் உங்கள் வீட்டின் மீது உரிமைப்பற்று வைக்க முடியும். இறுதிக் கொடுப்பனவின் போது, பொருள் விற்றவரும் உபஒப்பந்தகாரரும் தம் பணம் கிடைத்துவிட்டதென ஒப்பமிட்ட விடுவிப்புப் பத்திரத்தைக் கேட்டுப் பெறுங்கள்.

காலமும் பிறவும்

குறைந்தது மூவரிடம் எழுத்தில் விலை கேளுங்கள். பழையதைக் கழற்றுதல், உக்கிய பலகை ஒவ்வொன்றுக்குமான விலை, முகட்டறைக் காற்றோட்டம், குப்பை அகற்றல் யாவும் அதில் இருக்க வேண்டும். மழை பெரும்பாலும் கார்த்திகை முதல் பங்குனி வரை பெய்வதால் வேனிற் காலமே வேலைக்கு உகந்தது. சூரிய மின்தகடு பொருத்த எண்ணுவோர் கூரையை முதலில் மாற்றுக. பின்னர் தகடுகளைக் கழற்றி மீண்டும் பொருத்துவது தனிச்செலவு. அத்தகடுகளுக்கான மத்திய அரசின் வரிச்சலுகை 2025 ஆம் ஆண்டு இறுதியுடன் முடிவடைந்துவிட்டது. அது இன்னமும் உண்டு எனக் கூறும் விற்பனையாளரை நம்ப வேண்டாம். வீட்டுக் காப்புறுதி திடீர்ச் சேதத்துக்கே ஈடு கொடுக்கும், முதுமைக்கு அல்ல. முதிய கூரையைக் காரணம் காட்டிக் காப்புறுதியைப் புதுப்பிக்க மறுக்கும் நிறுவனங்களும் உள. வீட்டுரிமையாளர் சங்கம் இருப்பின் அதன் ஒப்புதலும் முற்கூட்டியே தேவை.

எம்மவருள் பலர் ஆங்கிலத்தில் எழுதிய ஒப்பந்தத்தை வாசித்து விளங்கிக்கொள்ள இயலாதவர்கள். விளங்கவில்லை என்று சொல்லக் கூச்சப்படுபவர்கள். ஊரில் கூரை வேய்ந்த நாளில் அயல் முழுவதும் வந்து நின்றது. இங்கே எவரும் ஏணி பிடிக்க வர வேண்டியதில்லை. படித்த இளைஞர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் அயல்வீட்டு முதியவருடன் அமர்ந்து ஒப்பந்தத்தை வரி வரியாக வாசித்துத் தமிழில் சொன்னால் போதும். அந்த ஒரு மணி நேரம், நாம் அறிந்த குடும்பத்துக்கு அன்று கிடைத்திருந்தால், அவர்களது முற்பணமும் அம்முதியவரின் உறக்கமும் காக்கப்பட்டிருக்கும்.