யானை வாங்கியாச்சு... அங்குசம்?

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடை. எங்கள் பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார், பணி ஓய்வுக்குப் பிறகு முதன்முதலாக சொந்தமாக ஒரு லேப்டாப் வாங்கினார். விலை 42,000 ரூபாய். துணைக்கு நான். பில் போடும் நேரத்தில் கடைக்காரர் மூன்று அட்டைப் பெட்டிகளை மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

“இதுல ஒண்ணு போட்டுக்குங்க சார். ஆன்டிவைரஸ் இல்லாம நெட் குடுத்தா அரை மணி நேரத்துல வைரஸ் ஏறிடும்.”

“எவ்வளவுங்க?”

“சாதாரணம் 600. இன்டர்நெட் செக்யூரிட்டி 1,000. டோட்டல் செக்யூரிட்டி 1,500. எம்.எஸ். ஆபீஸ் நானே ஃப்ரீயா போட்டுத் தரேன்.”

வாத்தியார் என்னைப் பார்த்தார். தயக்கத்தைக் கவனித்த கடைக்காரர் சிரித்தபடி, “யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிக்கிறீங்களே சார்!” என்றார்.

கணினியைத் தயார் செய்ய அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். எதிரே டீக்கடைக்கு நடந்தோம். “எது தம்பி நல்லது?” என்று அவர் கேட்டதற்கு அன்று நான் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். வீட்டுக்குக் கணினி வாங்கும் யாருக்கும் வரும் கேள்விதானே அது.

கூடவே வரும் காவல்

கடைக்காரர் சொன்ன அந்த அரை மணி நேரம் பொய்யல்ல, பழங்கதை. 2003 ஆகஸ்டில் ‘பிளாஸ்டர்’ என்ற புழு உலகைச் சுற்றியபோது, விண்டோஸ் எக்ஸ்பி கணினியை இணையத்தில் இணைத்தாலே போதும்; எதையும் சொடுக்காமலே தொற்றிக்கொண்டது. ‘60 விநாடியில் அணையப்போகிறேன்’ என்று திரை மிரட்டும். அந்தக் காலத்தில் விண்டோஸுடன் ஆன்டிவைரஸ் வரவில்லை. காசு கொடுத்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

2009இல் மைக்ரோசாப்ட் ஓர் இலவச ஆன்டிவைரஸை வெளியிட்டது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் அது இயங்குதளத்துக்குள்ளேயே குடிவந்துவிட்டது. இன்றைய விண்டோஸ் 11 வரை ‘டிஃபெண்டர்’ என்ற பெயரில் கூடவே வருகிறது. சந்தா கிடையாது, சாவி எண் கிடையாது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடிப் பாருங்கள். பச்சை டிக் தெரிந்தால் காவல் நடக்கிறது என்று பொருள்.

தொடக்கத்தில் அதைச் சவலைப் பிள்ளையாகத்தான் எல்லோரும் பார்த்தார்கள். இப்போது நிலைமை வேறு. ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் ‘ஏவி-டெஸ்ட்’ என்றொரு ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஆன்டிவைரஸ்களுக்குத் தேர்வு வைத்து, பாதுகாப்பு, வேகம், தொந்தரவில்லாமை என ஒவ்வொன்றுக்கும் 6 வீதம் 18 மதிப்பெண் போடுகிறது. அண்மை ஆண்டுகளில் டிஃபெண்டர் அதில் பலமுறை முழு மதிப்பெண்ணோ அதை ஒட்டியோ வாங்கியிருக்கிறது. ஆஸ்திரியாவின் ‘ஏவி-கம்பாரட்டிவ்ஸ்’ வைக்கும் தேர்வில் ஒரு குறை தெரிகிறது: இணைய இணைப்பு இல்லாத நேரத்தில் டிஃபெண்டரின் கண் கொஞ்சம் மங்கிவிடுகிறது. இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

புது லேப்டாப்பில் வேறொரு ஆன்டிவைரஸின் சோதனைப் பதிப்பும் அடிக்கடி ஒட்டிக்கொண்டு வரும். கெடு முடிந்ததும் ‘ஆபத்து, ஆபத்து’ என்று அலற ஆரம்பிக்கும். பயந்து பணம் கட்ட வேண்டாம். அதை அன்இன்ஸ்டால் செய்தால் டிஃபெண்டர் தானாக எழுந்து வேலைக்கு வந்துவிடும். ஒன்றுக்கு இரண்டாக ஆன்டிவைரஸ் போட்டால் பாதுகாப்பு இரட்டிப்பாகும் என்பதும் தப்புக் கணக்கு. ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக் கணினியைத்தான் படுக்க வைக்கும்.

இலவசத்தின் விலை

இணையத்தில் இலவச ஆன்டிவைரஸ்களுக்குப் பஞ்சமில்லை. அவாஸ்ட், ஏவிஜி, அவிரா ஆகியவை பழைய பெயர்கள். மூன்றும் போட்டிக் கடைகள் மாதிரி தெரியும். ஆனால் ஏவிஜியை 2016இல் அவாஸ்ட் வாங்கியது. அவிராவை 2021இல் நார்டன் நிறுவனம் வாங்கியது. 2022இல் நார்டனும் அவாஸ்டும் ஒன்றாகி ‘ஜென் டிஜிட்டல்’ ஆயின. நாலு போர்டு மாட்டியிருந்தாலும் முதலாளி ஒருவர்தான். ஒன்றைவிட்டு இன்னொன்றுக்கு மாறும் முன் இது தெரிந்திருப்பது நல்லது.

‘இலவசமாகக் கொடுத்தால் அவர்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது?’ என்பது நம் ஊர் சந்தையில் கறிவேப்பிலை கொசுறு வாங்குபவருக்குக்கூடத் தோன்றும் கேள்வி. பதில் 2020 ஜனவரியில் வெளிவந்தது. அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்த இணையதளங்களுக்குப் போகிறார்கள் என்ற விவரத்தைத் திரட்டி, ‘ஜம்ப்ஷாட்’ என்ற துணை நிறுவனம் வழியாக விற்றுவந்ததைப் பத்திரிகைகள் அம்பலப்படுத்தின. ஜம்ப்ஷாட்டை இழுத்து மூடினார்கள். 2024இல் அமெரிக்க வணிக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்ட வைத்து, அப்படி விற்கக் கூடாது என்று தடையும் போட்டது. திருடன் வராமல் பார்க்க நிறுத்திய காவலாளியே வீட்டுக்கு வந்து போகிறவர்களைக் குறித்துவைத்து விற்ற கதை!

எல்லா இலவசமும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் டிஃபெண்டர் கையிலிருக்கும்போது இன்னொரு இலவசத்தைத் தேடிப்போக வீட்டுப் பயனருக்குக் காரணம் குறைவு.

யார் வாங்கலாம்?

அப்படியானால் அந்த அட்டைப் பெட்டிகள் யாருக்குமே வேண்டாமா? வேண்டும்.

டிஃபெண்டரின் குறையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இணையம் விட்டுவிட்டு வரும் ஊரில், ஜெராக்ஸ் கடைக்கும் வீட்டுக்கும் நாளெல்லாம் பென் டிரைவ் போய்வரும் வீட்டில், இணையம் இல்லாதபோதும் நன்றாகக் கண்டுபிடிக்கும் ஆன்டிவைரஸ் உதவும். பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்பதைப் பார்க்காத கல்லூரி மாணவர் உண்டா? அடுத்து, ஏதாவது ஆனால் போன் போட்டுக் கேட்க ஓர் ஆள் வேண்டும் என்று நினைப்பவர்கள். வாங்கும் முன்பே அந்த நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்து, உங்களுக்குப் புரியும் மொழியில் பேசுகிறார்களா என்று பார்த்துவிடுங்கள். மூன்று கணினி உள்ள வீடுகளுக்கு ‘3 யூசர்’ பேக் தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு.

உள்நாட்டுப் பெயர்களும் சளைத்தவை அல்ல. ‘கே7’ 1991இல் தொடங்கிய சென்னை நிறுவனம். ‘குவிக் ஹீல்’ புனேக்காரர்களுடையது. கால்குலேட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த அண்ணனும், கணினி படித்த தம்பியும் 1990களில் தொடங்கியது. மத்திய அரசு 2017இல் திறந்த ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ இணையதளத்தில், கணினிக்குள் புகுந்துவிட்ட ‘பாட்’ வகைக் கிருமிகளை நீக்கும் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன. அவற்றைக் கொடுத்தவர்களில் இந்த இரண்டு நிறுவனங்களும் உண்டு.

விலையைப் பார்க்கும்போது முதலாண்டு விலையோடு நிற்காதீர்கள். டீக்கடையிலேயே பில்லின் பின்பக்கத்தில் வாத்தியார் ஒரு கணக்குப் போட்டார். முதல் ஆண்டு 600, அடுத்தடுத்த ரெனியூவல் 1,400 என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஆண்டுக்கு 6,200 ரூபாய். “அறுநூறுன்னு சொல்லி ஆறாயிரத்துல இழுத்து விடறாங்களே!” என்றார். இணையத்தில் கார்டு கொடுத்து வாங்கினால் ‘ஆட்டோ ரெனியூவல்’ தானாக டிக் ஆகியிருக்கும், எடுத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படித் தானாகப் பணம் எடுக்கும் முன் 24 மணி நேரத்துக்கு முன்னதாகத் தகவல் வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

‘டோட்டல்’ என்ற சொல்லுக்கும் மயங்க வேண்டாம். விலை ஏற ஏற, வைரஸைப் பிடிக்கும் எந்திரம் பெரும்பாலும் அதேதான். கூடுவது விபிஎன், வேகம் கூட்டும் கருவி, பாஸ்வேர்டு பெட்டி போன்ற உபரிகள். பயன்படுத்துவீர்களா என்று கேட்டுக்கொண்டு காசு கொடுங்கள்.

லாகூர் சகோதரர்களின் பாடம்

இப்போது கடைக்காரர் சொன்ன இன்னொரு வாக்கியத்துக்கு வருவோம். ‘எம்.எஸ். ஆபீஸ் ஃப்ரீயா போட்டுத் தரேன்.’ காசு கொடுத்து வாங்க வேண்டியதைச் சும்மா போட்டுக் கொடுத்தால் அது திருட்டு நகல்தான்.

ஐ.பி.எம். வகைக் கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸ் 1986இல் பாகிஸ்தானின் லாகூரில் பிறந்தது. பெயர் ‘பிரெய்ன்’. எழுதியவர்கள் பாசித், அம்ஜத் என்ற சகோதரர்கள். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைத் திருட்டுத்தனமாக நகலெடுப்பவர்களைப் பிடிக்கத்தான் செய்தோம் என்றார்கள். வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், முகவரி, போன் நம்பரை எழுதிவைத்திருந்தார்கள் என்றால் பாருங்கள்!

திருட்டு நகலைத் துரத்தக் கிளம்பிய வைரஸ், இன்று திருட்டு நகலில் ஏறியே ஊர்வலம் வருகிறது. ‘ஸ்டாப்’ அல்லது ‘டிஜேவு’ என்றழைக்கப்படும் ரான்சம்வேர் வகை, கிராக் செய்த மென்பொருள், அதை உரிமம் இல்லாமல் ஓடவைக்கும் ‘ஆக்டிவேட்டர்’ ஆகியவற்றின் முதுகில்தான் வீட்டுக் கணினிகளுக்குள் நுழைந்தது. படம், பாடம், கணக்கு என்று எல்லா கோப்புகளையும் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும். இந்த ஆக்டிவேட்டர்களை ஓடவிட வழக்கமாகச் சொல்லப்படும் முதல் அறிவுரை, ‘ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிடுங்க’ என்பது. ஒரே கடைக்காரர் ஒரு கையால் 1,500 ரூபாய்க்குப் பூட்டு விற்று, மறு கையால் கதவைத் திறந்துவிடுகிறார்! கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் ‘லிப்ரே ஆபீஸ்’ என்ற மென்பொருள் முறைப்படியே இலவசம். தமிழும் எழுதலாம்.

விண்டோஸுக்கு வரும் அப்டேட்டைத் தள்ளிப்போடுவதும் கதவைத் திறந்துவைப்பது மாதிரிதான். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய ‘வானாக்ரை’ 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் 14ஆம் தேதியே கொடுத்துவிட்டிருந்தது. ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளியவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாளங்கள் மட்டும் 2028 வரை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். காவலாளிக்குச் சம்பளம் உண்டு, சுவர் விரிசலைப் பூசத்தான் ஆள் இல்லை. பழைய கணினி விண்டோஸ் 11ஐத் தாங்கும் என்றால், ஆன்டிவைரஸ் வாங்குவதற்கு முன் அதற்கு மாறுங்கள்.

எந்த ஆன்டிவைரஸும் தடுக்க முடியாத ஒன்றும் உண்டு. ‘வங்கியிலிருந்து பேசுகிறோம்’ என்பவரிடம் நாமே ஓடிபி சொல்வது, அவர் சொல்லும் செயலியை நாமே இறக்கித் திரையை அவருக்குக் காட்டுவது. அதில் வைரஸே இல்லையே, எதைப் பிடிக்கும்? ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டிருக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

கணக்கு வாத்தியாரின் விடை

டீ முடிந்தது. “உங்க கணினியில எது போனா மனசு தாங்காது சார்?” என்று கேட்டேன். யோசித்தார். “பொண்ணு கல்யாண போட்டோ. அப்புறம், முப்பது வருஷமா சேர்த்த கணக்குகளை டைப் பண்ணலாம்னு இருக்கேன். அது.”

ஆன்டிவைரஸ் வராமல் தடுக்கப் பார்க்கும். போனதைத் திருப்பித் தராது. திருப்பித் தருவது நகல் மட்டுமே. அதற்கு ஓர் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் போதும். வாரம் ஒரு முறை மாட்டி, நகலெடுத்து, கழற்றி அலமாரியில் வைக்க வேண்டும். மாட்டியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

கடைக்குத் திரும்பினோம். “ஆபீஸ் வேண்டாம்பா. ஹார்ட் டிஸ்க் என்ன விலை?” என்றார் வாத்தியார்.

“நாலாயிரத்து ஐநூறு ஆகும் சார். அதுக்கு ஆன்டிவைரஸே மேல்.”

வாத்தியார் பில்லைத் திருப்பி, தன் கணக்கைக் காட்டினார். “அது அஞ்சு வருஷத்துக்கு 6,200. இது ஒரே தடவை.”

“அப்ப அங்குசம்?”

“அது யானையோடவே வந்திருக்காம்.” ஹார்ட் டிஸ்க் பெட்டியை லேசாகத் தட்டினார். “யானை இறந்தாலும் ஆயிரம் பொன்னுன்னு சொல்வாங்கல்ல? அந்த ஆயிரம் பொன் இதுக்குள்ளதான் இருக்கும்.”