சிமிழ் மூடி சொல்லும் கணக்கு

குங்குமச் சிமிழ் இல்லாத தமிழ் வீடு உண்டா? டில்லிக்கு வந்து நாற்பது வருஷம் ஆனாலும் நம் பூஜை அலமாரியில் அது இருக்கும். இதே மாதிரி உள்ளங்கையில் அடங்கும் பச்சைப் பீங்கான் சிமிழ்களைச் சீனர்கள் 9ஆம் நூற்றாண்டிலேயே செய்தார்கள். முகப்பூச்சு, வாசனைப் பொருள், மருந்து வைக்க அவை பயன்பட்டன.

பச்சை நிறம் எப்படி வந்தது? மேற்பூச்சில் சிறிதளவு இரும்பு இருக்கும். காற்று குறைந்த சூளையில் சுட்டால் பச்சை. காற்று தாராளமாகப் புகுந்தால் மஞ்சளோ பழுப்போ ஆகிவிடும்.

செஜியாங் பகுதியின் யுவே சூளைகளில் முதலில் செய்தவை பெரும்பாலும் வெறும் மூடிகள்தாம், நிறமே அழகு. 10ஆம் நூற்றாண்டில் மூடிமேல் ஊசிபோன்ற கோடுகளால் கிளியும் பூவும் கீறினார்கள். அடுத்து ஆழமாகச் செதுக்கினார்கள். பள்ளத்தில் பூச்சு தேங்கி அடர்பச்சையாகும், மேட்டில் வெளிறும். வேறு சாயமே வேண்டாம்!

கையால் செதுக்க நாள் பிடிக்கும், கூலி ஏறும். எனவே சோங் காலத்தில் அச்சு வந்தது. ஜிங்டெஜென் ஊரில் இளநீலப் பச்சைச் சாயலில் அச்சுச் சிமிழ்கள் ஏராளமாகச் செய்தார்கள். சிலவற்றின் அடியில் “இன்னார் வீட்டுச் சிமிழ்” என்று குடும்பப் பெயர் பொறித்தார்கள். வியாபாரியான எனக்கு இது நன்றாகப் புரிகிறது. இன்று நாம் சொல்லும் ‘பிராண்ட்’ வேறென்ன?

ஆக, கீறலா, செதுக்கலா, அச்சா என்று பார்த்தாலே ஓட்டின் காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். இது நமக்கு எதற்கு என்கிறீர்களா? சோழர் தூது 1015இல் சீன அரசவையை அடைந்தது. கங்கைகொண்ட சோழபுரம் மாளிகைமேட்டில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்துள்ளன. இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 1987இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழ்ந்தபோது, லோங்சுவான் சூளைகளின் பச்சைப் பீங்கான் ஓடுகள் வந்தன. நம் டில்லியிலேயே, பிரோஸ் ஷா கோட்லாவின் துக்ளக் அரண்மனைப் பகுதியில் 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பாத்திரங்கள் உடைந்த நிலையில் கிடைத்தன.

கடல் வாணிபத்துக்கு நம்மிடம் பேரேடு மிஞ்சவில்லை. இந்த ஓடுகள்தாம் ரசீது. லீவுக்கு ஊருக்குப் போகும்போது கடற்கரை மேட்டில் பச்சை ஓடு கண்டால், குழந்தைகளை அதைப் பொறுக்கிப் பையில் போட விடாதீர்கள். கிடந்த இடம் போனால் அதன் சாட்சியில் பாதி போய்விடும். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். ரசீதைக் கிழித்துவிட்டுக் கணக்குக் கேட்க முடியாது அல்லவா?